தலைகீழாய் நின்ற சைக்கிள்

கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர் அவர். நூறு பேரைக் கைதட்ட வைக்கத் தெரிந்தவருக்கு ஒரு சைக்கிள் எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனைவியின் சைக்கிளை இரண்டு ஸ்டூல் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, நடு ஹாலில் நிறுத்திவிட்டார்.

மனைவி தையற்காரி. மறுநாள் எட்டு மணிக்கு, தெருச் சரிவுக்குக் கீழே உள்ள துணிக்கடையில் புது வேலை. பஸ்ஸில் சுற்றிப் போனால் எட்டரை ஆகும். சைக்கிள்தான் வழி. ஆனால் அவள் விரல்கள் குட்டை, பிரேக் லீவர் எட்டாது. சரிவில் பிடிக்க முடியாவிட்டால் சைக்கிள் கடை வாசலில் நிற்காது. உள்ளே கல்லாவில்தான் போய் நிற்கும். போதாததற்கு மூன்றாவது கியரில் செயின் தாவியது.

"மாமா, கையில கிளவுஸ் எதுக்கு? ஆபரேஷனா?" என்றான் மனைவியின் தம்பி, சோபாவில் காலை நீட்டியபடி.

"எந்த வேலைக்கும் ஒரு முறை இருக்கு மாப்ளே."

"முறை இருக்கு. ஸ்பேனர்தான் பொருந்தல."

ஒரு மணி நேரம் போனது. இரண்டு லீவரையும் லூஸாக்கி, விரலுக்கு வாகாகத் தரையைப் பார்த்துச் சாய்த்து முறுக்கினார். வகுப்பு முடித்த தோரணையில் நிமிர்ந்து, "தூக்குடா மாப்ளே!" என்றார்.

தூக்கி நேராக நிறுத்தினார்கள். இரண்டு லீவரும் வானத்தைப் பார்த்தன.

"இது எதுக்குங்க? துணி காயப்போடவா?" என்றாள் மனைவி.

"கொம்பு மாதிரி இருக்குக்கா. எதிர்ல வர்றவன் தானா ஒதுங்கிடுவான்."

"இது முதல் கட்டம்தான்," என்றார் அவர், வியர்வையைத் துடைத்து. கிளவுஸில் இருந்த செயின் மை நெற்றியில் ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை.

அவள் தையல் மிஷின் டிராயரிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் ஏறிக் கையை நீட்டினாள். விரல்கள் இயல்பாக விழுந்த இடத்துக்கு லீவரைத் திருப்பி முறுக்கும்படி கணவரிடம் சொன்னாள். லீவருக்கு அடியில் பொடி ஸ்க்ரூ ஒன்று இருந்தது. அதைத் திருகத் திருக, லீவர் விரலை நோக்கி வந்தது. தொய்ந்த பிரேக் ஒயரை, அதன் நுனிக் குமிழைத் திருகி இழுத்துக் கட்டினாள். பாதி அழுத்தியதுமே ரப்பர் கட்டை சக்கரத்தைக் கவ்வியது.

"அடுத்து கியர். நூல் இழுப்பு சரியில்லேன்னா மிஷினும் இப்படித்தான் கத்தும்," என்றாள். தம்பி பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தான். பின்னால் கியர் ஒயர் முடியும் இடத்துக் குமிழை அரைச் சுற்று திருகினாள், பெடலைச் சுற்றிக் காது கொடுத்தாள். மறுபடி அரைச் சுற்று. நாலாவது தடவையில் கடகடப்பு அடங்கியது.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

"வந்தீங்க. வழியில நின்னுட்டீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சோதித்துப் பார்க்கச் சரிவுக்குப் போனார்கள். அவர் மட்டும் முன்னதாகக் கீழே ஓடி, பூட்டியிருந்த துணிக்கடை முன் கைகளை விரித்து நின்றார், ஒருவேளை நிற்காவிட்டால் பிடித்துக்கொள்ள. அவள் மேலிருந்து விட்டாள். சைக்கிள் வேகம் எடுத்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கைகள் மட்டும் விரிந்தபடியே இருந்தன.

ஒன்றும் மோதவில்லை. கண்ணைத் திறந்தால், ஒரு சாண் முன்னால் முன்சக்கரம். லீவர் மேல் அவளுடைய இரண்டு விரல்.

"நெத்தியில மை," என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். "நாளைக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்பினா போதும். தள்ளுங்க, ஏறிப் பாக்கணும்."

மூன்றாவது கியரில் மிதித்து, சத்தமே இல்லாமல் மேட்டில் ஏறிப் போனாள். அவர் மூச்சு வாங்கப் பின்னால் நடந்தார். பாதி மேட்டில் தம்பி எதிர்ப்பட்டான்.

"பாத்தியா மாப்ளே, என்னமா நிக்குது! மொதல்ல லூஸ் பண்ணிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் மாமா. அதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல."

அதையும் கைதட்டலாகவே எடுத்துக்கொண்டு, மீதி மேட்டை அவர் நெஞ்சை நிமிர்த்தி ஏறினார்.