மாவு கெட்ட நாள்

மாவுத் தொட்டியில் கையை விட்ட ரொட்டிக்கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கல்லாவில் இருந்த அவர் மனைவிக்கு அந்த நிற்பே பிடிக்கவில்லை.

"இங்க வா," என்றார். "மாவு நாறுது."

போன வருஷம் எல்லாமே இந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது. மாவு நாறுகிறது, ரொட்டியில் விஷம் ஏறிவிட்டது, வாங்கித் தின்ற தெருவே தன்னால் சாகப்போகிறது என்று மனுஷன் நம்பினார். நீ செத்தால்தான் இவர்கள் பிழைப்பார்கள் என்று காதுக்குள் ஒரு குரல் வேறு. இவ்வளவையும் யாரிடமும் மூச்சு விடாமல் சுமந்துகொண்டு திரிந்து, கடைசியில் சாகவும் துணிந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்தார். மனச்சோர்வு முற்றினால் இல்லாததும் பொல்லாததும் நிஜம்போலவே தெரியும், இதற்கு மருந்து உண்டு என்றார் டாக்டரம்மா. மருந்தும் கேட்டது. மறுபடி மாவு பிசைந்தார், மறுபடி அவளை வம்புக்கு இழுத்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இப்படியா!

ஓடிப்போய்க் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஒண்ணும் நாறலையேங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப எனக்குத்தான் திரும்ப வந்துடுச்சு."

அவள் சுற்றி வளைக்கவில்லை. நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைத்துவிடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சாகணும்னு தோணுதா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

"சரி, கடையை மூடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."

ஷட்டரைப் பாதி இறக்கும்போது நாத்தனார் உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யே! என்ன அண்ணே இது, இப்படி நாறுது? அண்ணி, உங்க மூக்கை எங்க அடகு வச்சீங்க?"

மூக்கா? நாலைந்து நாளாக ஜலதோஷம். மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டுதான் அவள் சத்தியம் செய்திருக்கிறாள்! மாவு எடுத்த மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஈரம் ஏறிப் பச்சைப் பசேலென்று பூஞ்சை.

"சளி பிடிச்ச மூக்கை நம்பியா அண்ணனைப் பைத்தியம்னு முடிவு கட்டினீங்க?" என்று நடந்ததைக் கேட்ட நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போங்க, போய் வேற மாவு சொல்லுங்க. ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "இல்ல, போலாம்."

"எதுக்கு, மாவுக்கு வைத்தியம் பாக்கவா?"

"கிளம்பினது கிளம்பினதாவே இருக்கட்டும். வா."

டாக்டரம்மாவிடம் அவள்தான் கதையைச் சொன்னாள், கை காலெல்லாம் ஆட்டி. அவரும் சிரித்தார். "அப்ப சாரோட மூக்கு நல்லாவே வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

"மூக்கு நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்றார் அவர். "சாகணும்னு தோணுதான்னு இவ கேட்டா. இல்லைன்னு சொன்னேன். அது பொய்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"போன வாரத்துலேர்ந்து தோணுது. குரல் எதுவும் கேக்கல. நினைப்பு மட்டும் வருது, போகுது."

டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்போதெல்லாம் வருகிறது, என்ன செய்யத் தோன்றுகிறது என்று பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். விடியற்காலை அடுப்பு மூட்ட எழ முடியாமல் தூக்கம் அழுத்துகிறது என்று மனுஷன் மாத்திரையை உடைத்துப் பாதியை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. மாத்திரையை இனி மனைவி எடுத்துக் கொடுக்க வேண்டும், கொஞ்ச நாள் தனியே விடக் கூடாது, நாத்தனார் வீட்டோடு வந்து இருக்கட்டும், எந்த நேரமானாலும் போன் செய்யலாம், இரண்டு நாளில் திரும்ப வர வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் கடைக்காரர் தலையாட்டினார்.

மருந்துக்காக வராந்தாவில் காத்திருந்தார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காலைலயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"பயந்து போய் நின்னே. உன் முகத்தைப் பாத்ததும் வாய் வரல."

"நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். நீங்க சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

ஆமாம், சொல்லிவிட்டார். மாவுமேல் பழி விழுந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அப்படியே விட்டிருந்தால் ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. விடாமல் அவளை இழுத்துக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் உட்கார்ந்து சந்தோஷப்படலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.