சிவலிங்கம் ஏறினால் நகராத ரயில்

சிவலிங்கம் ஏறிய ரயில் சாந்த்ராகாச்சியைத் தாண்டி வெளியே போகாது. ஹௌராப் பக்கம் தாராளமாகப் போகும். அங்கிருந்து பஸ் பிடித்து டாக்குரியா, பாலிகஞ்ச் என்று கல்கத்தா முழுக்கச் சுற்றலாம், ஒரு தடங்கலும் கிடையாது. ஊரை விட்டுக் கிளம்பும் வண்டி என்றால்தான் வம்பு. பச்சை விழும், டிரைவர் ஹாரன் அடிப்பார், எஞ்சின் உறுமும், சக்கரம் மட்டும் சுற்றாது. அவர் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் வண்டி போய்விடும். டாக்ஸியிலும் பார்த்தாயிற்று, நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அணைந்துவிட்டது. விமானத்தில் முயன்று பார்க்கச் சொன்னார்கள் சிலர். ஆகாயத்தில் போய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவர் மனைவி நாகம்மா கேட்ட பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. இப்படி நான்கு வருடம் நடந்தது. ரயில்வே காலனியில் இதைவிட உருளைக்கிழங்கு விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சிவலிங்கத்துக்குச் சாந்த்ராகாச்சி யார்டில் வேகன்களைப் பரிசோதிக்கிற வேலை. சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, பிரேக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும். அவருடைய அப்பாவும் அதே யார்டுதான், ஜோலார்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்து அப்படியே தங்கிவிட்டவர். பார்க்காத சக்கரத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார் என்று சிவலிங்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால் அவர் கண்ட லாபம் ஒன்றுமில்லை, வண்டிகள் தாமதமானதுதான் மிச்சம்.

ஒரே மகள் விஜயலட்சுமி. ஹூக்ளி நதி ஏன் இப்படி மேடுதட்டிப் போகிறது என்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத கவலை. ஆற்று வண்டலைப் பற்றியே கல்லூரியில் படித்தாள், மேற்கொண்டு படிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தாள். முதல் தடவை போட்டோ மங்கலாக இருக்கிறதென்று திரும்பி வந்தது. மறுவருடம் டெல்லியில் இன்டர்வியூ வரை போய்த் தேறினாள். கிளாஸ்கோவில் நான்கு வருட ஆராய்ச்சி. செய்தி வந்த அன்று நாகம்மா ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லா வாங்கிக் காலனியில் வீடு வீடாகக் கொடுத்தாள். எதிர்வீட்டு வங்காளி அண்ணி ஷிப்ரா பௌதிக்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்தாள், சந்தோஷத்தில் கணக்குத் தவறிவிட்டது.

கடைசியாக ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. படிப்பு முடிந்ததும் மகள் ஊர் திரும்புவாள் என்று தகப்பன் எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு சொத்தைக் காட்டவேண்டும். காலனியில் யாருக்குச் சொத்து இருக்கிறது? குவார்ட்டர்ஸ் ரயில்வேக்குச் சொந்தம், ரிட்டயர் ஆனதும் காலி செய்யவேண்டியது. தமிழ்நாட்டில் இருந்ததைப் பங்காளிகள் எப்போதோ பிரித்துக்கொண்டாயிற்று. இந்த மாதிரி இடத்தில் காலனிக்காரர்கள் மாமன் நிலத்தையோ மச்சான் வீட்டையோ எழுதிவிட்டு வருவது வழக்கம், எவனும் போய்ப் பார்க்கப்போவதில்லை. சிவலிங்கத்துக்கு அதற்குக் கை வரவில்லை. பாலிகஞ்சில் ஒரு நோட்டரியின் அறையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். காலியாக விடக்கூடாது மோஷாய், உங்களுடையது என்று எது இருக்கிறதோ அதை எழுதுங்கள் என்றார் நோட்டரி. சிவலிங்கம் யோசித்துப் பார்த்துத் தன் பெயரை எழுதினார்.

விஜயலட்சுமி சிரித்துவிட்டாள். "ஐயோ அப்பா, உன்னைய எடுத்து வெச்சிக்கிட்டு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

நோட்டரி சிரிக்கவில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மகள் விமானம் ஏறிய மறுமாதம் கரக்பூரில் ஒரு கல்யாணம். சிவலிங்கமும் நாகம்மாவும் ஏறிய ரயில் சாந்த்ராகாச்சியில் நின்றது நின்றதுதான். வண்டியை ஓட்டிய ரமேஷ்பாபு அவருக்குத் தெரிந்தவர், இறங்கி வந்து உதவி கேட்டார். பிரேக்கைப் பார்க்கலாமென்று சிவலிங்கம் பிளாட்பாரத்தில் இறங்கினார். வண்டி நாகம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி என்று ஏறிப் பார்த்தார், ஒவ்வொன்றும் அவருக்காக நின்றது. பத்து நாள் கழித்து ரமேஷ்பாபுதான், இதற்கு முன்னால் வெளியூர் போனது எப்போது, அதற்குப் பிறகு புதிதாக என்ன செய்தாய் என்று கேட்டுக் கேட்டு, விஷயத்தைப் பாலிகஞ்ச் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். நோட்டரி ஆச்சரியப்படவில்லை. அடகு வைத்த வளையலைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவீர்களா என்று திருப்பிக் கேட்டார். மகள் பட்டத்தோடு வந்து நேரில் நின்றால் ஈடு விடுபடும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாலும் விடுபடும், ஆனால் ஸ்காலர்ஷிப் அதோடு முடிந்தது. இதை மகளுக்குச் சொல்லவேண்டாம் என்று புருஷனும் பெண்சாதியும் பேசி முடிவு செய்தார்கள். ஊரை விட்டு எங்கே போகப்போகிறோம், போகாவிட்டால் என்ன என்றுதான் அப்போது இருவருக்கும் தோன்றியது. அது எவ்வளவு பெரிய தப்புக்கணக்கு என்று இப்போது சொல்லி என்ன பயன்.

மூன்றாவது வருடம் நாகம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. கல்கத்தாவில் பார்த்த டாக்டரே வேலூருக்குப் போய்விடுங்கள் என்றார். கல்கத்தாக்காரர்களுக்கு இது புதிதில்லை. தெருவுக்கு இரண்டு பேராவது வேலூர் போய் வந்தவர்கள் இருப்பார்கள், எந்த லாட்ஜில் தங்கலாம், எங்கே மீன் குழம்பு வங்காளத்து ருசியில் கிடைக்கும் என்றுகூடச் சொல்வார்கள். சிவலிங்கம் விஜயலட்சுமியைக் கூப்பிடப் போனை எடுத்தார். அவள் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றால் இவர் ரயில் ஏறலாம். நாகம்மா போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளாண்ட ஒரு வார்த்த சொன்னீங்க, நான் ஆஸ்பத்திரிக்கே போமாட்டேன். இன்னும் ஒரு வருஷந்தான். நான் போயிட்டு வந்துட்றேன்."

இருந்தாலும் சிவலிங்கம் டிக்கெட் எடுத்தார். ஒரு நாளைக்காவது, ஒரே ஒரு தடவையாவது விட்டுக்கொடுக்காதா என்று நினைத்தார். துணைக்கு ஷிப்ரா பௌதியும் வந்தாள், அவளுக்கும் தைராய்டு காட்டவேண்டியிருந்தது. மதியம் வண்டி வந்தது. ஏறி, நாகம்மாவைக் கீழ் பெர்த்தில் படுக்க வைத்து, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார். பச்சை விழுந்தது, வண்டி நகரவில்லை. யார்டிலிருந்து அவருடைய ஆட்களே வந்து சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்தார்கள். அவர் இருப்பது தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அந்தப் பெட்டியில் பாதிப்பேர் நோயாளிகள். மூக்கில் குழாயோடு ஒரு கிழவர், தலைமுடி கொட்டிப்போன ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே உறையோடு அவள் அம்மா. மின்விசிறி சுற்றியும் வெக்கை தாங்கவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"இறங்குங்க," என்றாள் நாகம்மா.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

"எல்லாரும் டாக்டரப் பாக்கப் போறவங்க. நம்மளால அவங்க ஏன் காத்துக் கெடக்கணும்? இறங்குங்க."

சிவலிங்கம் அவள் பாதத்தை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கினார். முப்பது வருடம் எத்தனையோ வண்டிகளைச் சரி என்று சொல்லி அனுப்பியவர். அன்றைக்கு அந்த வண்டி போவதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள் நாகம்மா இறந்துபோனாள். நினைவு இருந்தவரை கட்டிலுக்குப் பக்கத்தைக் காட்டி, அவர் வந்தால் உட்கார ஒரு ஸ்டூல் போடு என்று சொல்லிக்கொண்டிருந்ததாக ஷிப்ரா பௌதி பிற்பாடு சொன்னாள். ஆம்பூரிலிருந்து நாகம்மாவின் தம்பி வந்து வேலூரிலேயே கொள்ளி வைத்தார். சாம்பலைப் பௌதி மடியில் வைத்துக்கொண்டு வந்து சாந்த்ராகாச்சியில் இறங்கினாள். சிவலிங்கம் அதைக் கங்கையில் கரைத்தார். விஜயலட்சுமிக்கு அம்மா போன செய்தியை மட்டும் சொன்னார். அவள் உடனே கிளம்புகிறேன் என்று கதறினாள். இனி வந்து யாரைப் பார்க்கப்போறே, படிப்பை முடிச்சிட்டு வா என்றார். அவர் ஏன் அம்மா பக்கத்தில் இல்லை என்று அவள் கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றார். அந்தப் பொய்யை அவள் நம்பினாள், அதனால் ஒரு வருடம் அப்பாவிடம் சரியாகப் பேசவும் இல்லை.

பட்டத்தோடு அவள் திரும்பியது துர்கா பூஜைக்கு முந்தைய வாரம், பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஷிப்ரா பௌதி அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், பாதி வங்காளத்திலும் பாதித் தமிழிலுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விஜயலட்சுமி அழவில்லை. ரயில் எங்கேயாவது மனுஷனுக்காக நிற்குமா, அம்மாவைத் தனியாக அனுப்பிவிட்டு அப்பா கட்டிய கதை இது என்று கத்தினாள். பட்டத்தை எடுத்துக்கிட்டு நாளைக்குப் பாலிகஞ்சுக்கு வா என்றார் சிவலிங்கம்.

மறுநாள் பாலிகஞ்சுக்குப் போனார்கள். நோட்டரி பட்டத்தைப் புரட்டிப் பார்த்து, மகள் முகத்தை ஒரு தடவை பார்த்து, சிவலிங்கத்தின் பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, விடுவிக்கப்பட்டது என்று முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அந்த முத்திரையைப் பார்த்ததும், இது கட்டிய கதை இல்லை என்று விஜயலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. ஹௌராவுக்கு வந்ததும் விஜயலட்சுமி வீட்டுக்கு வேண்டாம் என்றாள். ஊரை விட்டு வெளியே போகிற பாஞ்ச்குரா லோக்கல் நின்றுகொண்டிருந்தது, அப்பாவின் கையைப் பிடித்து அதில் ஏற்றினாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லவேண்டியும் இருக்கவில்லை. இப்போதும் வண்டி நின்றுவிட்டால், அது வேறு ஏதோ விதி, வேறு ஏதோ சாபம். அவளுடைய ஸ்காலர்ஷிப் அவரைக் கட்டிப்போடவில்லை, அம்மா தனியாகச் செத்ததற்கு அவள் படிப்பு காரணமில்லை. சாந்த்ராகாச்சியில் வண்டி நின்றபோது விஜயலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு, நகராதே, நகராதே என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் அவள் அப்பாவும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒருவர் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

பச்சை விழுந்தது. வண்டி குலுங்கக்கூட இல்லை, மெதுவாக நகர்ந்து, அவுட்டர் சிக்னலைத் தாண்டி வேகம் எடுத்தது.

விஜயலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிவலிங்கம் அவள் தலையில் கை வைத்தார். "வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கும்மா," என்றார்.

அடுத்த ஸ்டேஷனான மௌரிகிராமில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு சிவலிங்கம் ஏறிய ரயில்கள் மற்ற ரயில்களைப் போலவே ஓடுகின்றன.