இருபது வோல்ட்

என் கார் ஆடியோ கடை வாசலில் ஆகாஷ் காரை நிறுத்தினான். அவன் என் மனைவி தமிழினியின் தம்பி. முன் சீட்டில் அவர்களுடைய அம்மா, என் அத்தை, கையில் போன். தமிழினி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வியாழக்கிழமை சிதம்பரத்தில் திதி.

"மாமா, ஆம்ப் போட்டதுலேருந்து கிழியுது. அக்கா வாய்ஸ் நோட்டு ஒன்னும் புரியல."

"கெயின் எவ்ளோ வச்ச?"

"ஃபுல்லு. அம்மாவுக்குக் காது மந்தம் இல்ல?"

கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகு இல்லை. நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆம்ப்ளிஃபையரால் முடிந்ததற்கு மேல் கேட்டால் அது ஒலி அலையின் தலையைச் சீவிவிடும். சீவியது கிழிசலாகக் கேட்கும்.

"அவ கடைசியா பேசுனத எங்காதால ஒருவாட்டி கேட்டுட்டு திதிக்குப் போறேன் மாப்ள," என்றார் அத்தை.

நான் அதை ஒருமுறையும் கேட்டதில்லை. ஆகாஷ்தான் சொல்லியிருந்தான். லேசா நெஞ்சு கரிக்குது என்கிறாள், பிறகு என்னைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான் என்று. அவள் இறந்த அன்று காலை நான் சாமான் வாங்கப் புதுச்சேரி போயிருந்ததாக எல்லாரும் நம்புகிறார்கள். அப்படிச் சொன்னது நான்தான். வலியில் வாய்ப்பழக்கமாக என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு கதவு.

கெயினைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பினேன். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினேன். பாஸ், ட்ரெபிள் இரண்டும் பூஜ்யம். ஸ்டீரியோவின் வால்யூம் நாற்பதில் முப்பது. ஆயிரம் ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மீட்டர் முனைகளை ஆம்ப்பின் அவுட்புட்டில் மாட்டினேன். நூறு வாட்ஸ், நாலு ஓம். இருபது வோல்ட்டைத் தாண்டக் கூடாது. திருகை மெல்ல ஏற்றினேன். பதினாலு. பதினேழு. இருபதுக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். நினைத்திருந்தால் கொஞ்சம் தப்பாக வைத்திருக்கலாம். கை பழக்கத்தில் சரியாக வைத்துவிட்டது.

வயர்களை மாட்டினேன். அத்தை போனில் பட்டனை அழுத்தினார்.

"அம்மா, சாப்ட்டியா? எனக்கு லேசா நெஞ்சு கரிக்குது. வேற ஒன்னுமில்ல." அவள் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. பிறகு, "ஏங்க... ஏங்க!"

இரண்டாவது 'ஏங்க' மட்டும் கிழிந்தது.

"இன்னும் கிழியுதே மாமா?"

"அது ரெக்கார்டிங்லயே அப்படி. போன் வாய்கிட்ட இருந்துருக்கு. அத ஒன்னும் பண்ண முடியாது."

அத்தை காரின் கதவில் உள்ளங்கையைப் பதித்திருந்தார். காது கேட்காததால் வந்த பழக்கம். டிவி பார்க்கும்போதும் ஸ்பீக்கரைத் தொட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

"என்னமோ இடிக்குதே மாப்ள. டும்மு டும்முன்னு. அவ பேசறதுக்குப் பின்னாடி."

போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வராது. காரில் வரும். அன்று காலை புவனகிரிக்காரர் ஒருவரின் வண்டிக்கு வூஃபர், அந்த இடிச் சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர், சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடையில்தான்.

ஆகாஷ் கதவில் கை வைத்துப் பார்த்தான். பிறகு கடைக்குள் மேஜைமேல் இருந்த வூஃபர் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ஆகாஷு, திரும்பப் போடுப்பா," என்றார் அத்தை.

மீட்டரை நான் இன்னும் கழற்றவில்லை. அவள் சாப்ட்டியா என்று கேட்டபோது ஆறு, எட்டு என்று எண்கள் ஏறி இறங்கின. இரண்டாவது முறை கூப்பிட்டபோது பத்தொன்பதுக்குத் தாவின. பிறகு அவள் பேசவில்லை. எண்கள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. இரண்டு, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம் என்று துடித்துக்கொண்டிருந்தன.