முதல் ஆளாகப் போனவள்

அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தாலே ஞானகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது நாகேந்திரனின் கம்ப்யூட்டர் சென்டர். மாணவர்கள் உட்காரும் இடத்தில் கடகடவென்று ஆடும் ஒரே ஒரு ஃபேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏ.சி. ஏ.சி.யின் குளிரில் சொகுசாக வீற்றிருந்தது சர்வர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு டிசம்பர் மாதம் வரைக்கும் அதன் நெற்றியில் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். தொடக்கூடாது.

"தொடாம எப்படி சார் கத்துக்கறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வைரஸ் வந்துடும்மா."

"என் கையில வைரஸா சார் இருக்கு? சொறியா, சிரங்கா?"

வகுப்பே சிரித்தது. நாகேந்திரனும் சிரித்தான். சாவி மட்டும் அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. காரணம் வைரஸும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கணக்கெல்லாம் அந்த சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் பாடத்துக்குக் காசு வாங்கி, அதே மெஷினை வெளியே வாடகைக்கு விட்டிருந்தான் புண்ணியவான்.

படித்ததோ சாதாரணப் படிப்பு இல்லை. பெரிய கம்பெனியில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் இருக்கும். எதில் என்ன சாஃப்ட்வேர் இருக்கிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும். புது சாஃப்ட்வேரை அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வைக்கும் பரீட்சை. அதில் தேறினால் சர்டிபிகேட். நீச்சல் பரீட்சைக்குக் கரையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? அந்த லட்சணத்தில் நடந்தது வகுப்பு.

ஞானகுமாரிக்கு இந்த சர்டிபிகேட் விளையாட்டுக்கு இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் தற்காலிகமாக டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று இடத்திலும் உள்ள பிளாண்டுகளின் கம்ப்யூட்டர்களை கம்பெனி ஒன்றாக இணைக்கப் போகிறது. இணைத்துவிட்டால் டேட்டா என்ட்ரி ஆட்களுக்கு அங்கே வேலையே கிடையாது. பர்சனல் மேனேஜர் மனோகரன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பொங்கலுக்குள்ள சர்டிபிகேட்டோட வாம்மா, சிஸ்டம்ஸ்ல பெர்மனென்டா போட்டுடறேன். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." பரீட்சைக்குக் கட்டணமோ டாலரில். ஒரு தடவை கட்டுவதற்கே முழி பிதுங்கும். தோற்றால் இன்னொரு தடவை எழுதுவதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இந்த நேரத்தில்தான் நாகேந்திரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "குமாரி, பேட்ச்லயே நீதான் நல்லா படிக்கிற. உன் பரீட்சை ஃபீஸ சென்டரே கட்டுது. மொத ஆளா நீ போய் எழுதிட்டு வா."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகக்கூட இருந்தது. திருநின்றவூரில் வீட்டுக்குப் போனதும் அம்மா ஆரோக்கியம்மாளிடம் சொன்னாள். அம்மா கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்திருந்த சர்க்கரையை எடுத்து அன்றைக்கே கேசரி கிளறினாள். மறுநாள் அதை டிபன் பாக்ஸில் போட்டு சென்டர் முழுக்கக் கொடுத்தாள் ஞானகுமாரி. எல்லோரும் வாங்கித் தின்றார்கள். தினமும் அவளோடு ஒரே ரயிலில் வந்து போகும் சிநேகிதி சகாயமேரி மட்டும், "வயிறு சரியில்லடி" என்று தொடாமல் வைத்துவிட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாகேந்திரன் மறுபடியும் கூப்பிட்டான். ஹால் டிக்கெட் தரப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாரும்மா. இந்த மாசத்துலேர்ந்து பரீட்சையே புது வெர்ஷன். நம்மகிட்ட இருக்கிற கட்டு ஒண்ணுத்துக்கும் உதவாது" என்றான்.

கட்டு என்றால் ஜெராக்ஸ் கட்டு. பரீட்சை எழுதியவர்கள் வெளியே வந்ததும் ஞாபகத்தில் இருக்கும் கேள்விகளை நாகேந்திரனிடம் ஒப்பிப்பார்கள். அதை டைப் அடித்து, விடையும் எழுதி அடுத்த பேட்சுக்குக் கொடுப்பான். அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தேறுவார்கள். சர்வரைத் தொடாமலேயே அந்த சென்டரில் எல்லோரும் தேறிக்கொண்டிருந்த ரகசியம் அதுதான். பேட்சில் கட்டைத் தொடாமல் தடிப் புத்தகத்தைப் படித்தவள் ஞானகுமாரி ஒருத்திதான்.

"அதனால நீ உள்ள போயி விடையப் பத்தியெல்லாம் ரொம்ப யோசிக்காத. கேள்விய மனசுல ஏத்து. ஒரு முப்பது கேள்வி கொண்டுவந்தா போதும். வெளியில நாங்க நோட்டோட நிப்போம்."

"நேரம் போயிடுமே சார். நான் ஃபெயிலாயிட்டா?"

"அதுக்குத்தான் உன்கிட்ட ஃபீஸே வாங்கலையே" என்றான் நாகேந்திரன், பெரிய தர்மப் பிரபு போல.

ஞானகுமாரிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆட்டுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அது கழுத்தை நீட்டிக்கொண்டு கேசரி வேறு விநியோகம் செய்திருக்கிறது! அவள் வெளியே வந்தாள். மாடிப்படியில் அந்தோணிராஜ் உட்கார்ந்திருந்தான். அதே பேட்ச், பட்டாபிராம் பையன், வாயில் எதுவும் தங்காது.

"உனக்கும் தெரியுமா?" என்றாள்.

"கோச்சுக்காத குமாரி. நீ லீவு போட்ட அன்னிக்கு சார் சீட்டு குலுக்கிப் போட்டாரு. மொதல்ல யாரு போறதுன்னு."

"என் பேரா வந்துச்சு?"

அவன் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். "இல்ல. மேரி பேருதான் வந்துச்சு. அது ஒரே அழுவ. இன்னா பண்றதுன்னு தெரியாம சார்தான் உன் பேர சொன்னாரு. மேரி ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லையாம். ஞானகுமாரி படியில் இறங்கிய வேகத்தில் கீழே மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் வழக்கம்போல அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள் சகாயமேரி. ஞானகுமாரி உட்காரவில்லை. எதிரே நின்றாள்.

"யார் பேருடி வந்துச்சு சீட்டுல?"

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாயத் தொறந்து சொல்லு. அன்னிலேர்ந்து என் பக்கத்துலதானே உக்காந்துகினு வர? ஸ்டேஷன் வரும்போதெல்லாம் சொல்லியிருக்கலாமே. கேசரி மட்டும் தொண்டையில எறங்கல, இல்ல?"

"எனக்கு நிச்சயம் பண்ணப் போறாங்க குமாரி" என்றாள் மேரி. "அவர் சிங்கப்பூர்ல இருக்காரு. இந்த சர்டிபிகேட் இருந்தாத்தான் எனக்கு அங்க வேலை கெடைக்குமாம். அவங்க ஊட்ல அதுக்காகத்தான் சரின்னாங்க. நான் ஃபெயிலாயிட்டா எல்லாம் போச்சுடி."

"நான் ஃபெயிலானா?"

"நீ எப்படியும் பாஸ் பண்ணிடுவ. உனக்கு மூளை இருக்குது."

"மூளை இருந்தா முதுகுல ஏறலாமா? என் வேலை போனா உன் மாப்பிள்ளை வந்து சோறு போடுவாரா?"

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குறுக்கிட்டாள். "இன்னாம்மா, படிச்ச பொண்ணுங்க மாதிரி கீறீங்க. கொழாயடி சண்டை போட்டுகினு வர்றீங்களே."

"நீங்க பூவக் கட்டுங்கம்மா!" என்று பூக்காரம்மா மீதும் பாய்ந்தாள் ஞானகுமாரி. ஆவடியில் கூட்டம் ஏறியது. அதைச் சாக்காக வைத்துப் பெட்டியின் அடுத்த கோடிக்குப் போய் நின்றுகொண்டாள். திருநின்றவூரில் இருவரும் வேறு வேறு வாசல் வழியாக இறங்கினார்கள்.

மறுநாள் காலை நுங்கம்பாக்கத்தில் பரீட்சை. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். போகாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? நாகேந்திரன் இன்னொருத்தியை அனுப்புவான், அவ்வளவுதான். போனாள்.

கம்ப்யூட்டரில்தான் பரீட்சை. பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். கிறுக்கிப் பார்க்க ஒரு தாள் கொடுத்து, போகும்போது திருப்பித் தர வேண்டும் என்றார்கள். முதல் கேள்வி திரையில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஏழெட்டுக் கேள்வி தாண்டிய பிறகுதான் கவனித்தாள். தன்னையறியாமல் கேள்வியை இரண்டு தடவை படித்துக்கொண்டிருக்கிறாள். விடைக்காக இல்லை. ஒப்பிப்பதற்காக! வாத்தியார் சொன்னதைத் தட்டாமல் கேட்டே வளர்ந்த புத்தி, அவன் அயோக்கியத்தனமாகச் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அடிப் பைத்தியக்காரி, யாருக்குடி உழைக்கிற?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாகவே திட்டிவிட்டாள் போலிருக்கிறது. மேற்பார்வை பார்த்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வேறு வழியில் போனாள். கேள்வியில் வந்த வெளிநாட்டு ஊர்ப் பெயர்களைத் தூக்கிக் கடாசிவிட்டுத் தன் கம்பெனியை அங்கே வைத்தாள். பூந்தமல்லி பிளாண்டில் ஒரு மெஷின் பட்டியலில் காணோம். மனோகரன் சார் போனில் கத்துகிறார். முதலில் எங்கே பார்ப்பாய்? ஆவடிக்கு அனுப்பிய சாஃப்ட்வேர் பாதியில் நிற்கிறது. லைன் சரியில்லையா, இடம் போதவில்லையா? தொட்டே பார்க்காத சர்வரை மனதுக்குள் திறந்து வைத்துக்கொண்டு, புத்தகத்தில் படித்ததையெல்லாம் அதில் போட்டுப் பார்த்தாள். சிலது நிச்சயமாகத் தெரிந்தது. சிலது சுத்தமாகத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எல்லாம் கண்ணாடி அறையின் சாவி ஞாபகத்துக்கு வந்து வயிறு எரிந்தது. சே, ஒரு மணி நேரம் தொட விட்டிருந்தால் இந்தக் கேள்விகளெல்லாம் தூசு!

கடைசியில் பொத்தானை அழுத்தினாள். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு முடிவு வந்தது. தேறிவிட்டாள். விளிம்பில்தான், ஆனாலும் தேறிவிட்டாள். அச்சடித்துக் கொடுத்த தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எதிர்சாரி டீக்கடையில் மூன்று பேரும் நின்றார்கள். நாகேந்திரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். அந்தோணிராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். சகாயமேரி நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள்.

"மறக்கறதுக்குள்ள கடகடன்னு சொல்லும்மா. எத்தினி கேள்வி தேறுது?" என்றான் நாகேந்திரன்.

ஞானகுமாரி காத்திருந்தாள். ஒருத்தராவது கேட்க மாட்டார்களா? பாஸா, ஃபெயிலா என்று ஒரு வார்த்தை. மேரியின் முகத்தைப் பார்த்தாள். மேரி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளைப் பிரித்து நாகேந்திரனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அட, பாஸே பண்ணிட்டியா!" என்றான் அவன். "சூப்பர்மா. நாளைக்கே சென்டர் வாசல்ல பேனர் வச்சிடலாம். எங்கள் மாணவி, முதல் முயற்சியிலேயே..."

"வச்சுப் பாருங்க!" டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "எம் பேர்ல பேனர் வந்துச்சுன்னா, அது கீழயே நின்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இந்தாளு சர்வரைத் தொடவே விட மாட்டான், புள்ளைங்கள ஆடு மாதிரி ஓட்டிக்கினு போயி உள்ள தள்ளுவான்னு சொல்லுவேன். உங்க மாணவியா நானு? எதுல சார்? கண்ணாடி வழியா வேடிக்கை பாத்ததுலயா?"

நாகேந்திரனுக்கு முகம் சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காசு கொடுக்கப் போகிறவன் போலக் கடைக்குள் போனான். அந்தோணிராஜ் அவன் பின்னாலேயே நழுவினான்.

மேரி மட்டும் நின்றாள். "குமாரி, எனக்கு அடுத்த வாரம்டி. ஒரு பத்தாவது சொல்லு."

"ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

"பொய் சொல்ற. நீ ஒருதரம் படிச்சா மறக்க மாட்ட."

"ஆமா, பொய்தான் சொல்றேன். எல்லாம் ஞாபகம் இருக்குது. நாலு விடையோட வரிசையா இருக்குது. ஆனா சொல்ல மாட்டேன். பக்கத்துலயே உக்காந்துகினு நீ சொல்லாம வந்த இல்ல? அது எப்படி இருக்கும்னு நீயும் பாரு."

மேரி அழ ஆரம்பித்தாள். நோட்டில் கண்ணீர் விழுந்தது, துடைக்கவும் இல்லை. முதல் கேள்வி ஞானகுமாரியின் தொண்டை வரைக்கும் வந்தது. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதித் தொலைடி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். கொட்டியிருப்பாள், அதற்குள் அந்தோணிராஜ் சொன்ன 'ஒண்ணும் சொல்லல' மறுபடியும் காதில் விழுந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சென்ட்ரல் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாஸ் செய்துவிட்டோம், வேலை கிடைத்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தச் சேதியை ஓடிப்போய் முதலில் சொல்லியிருக்க வேண்டியவள் மேரி. அவளிடம் இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். சென்ட்ரல் என்றாள்.