ஒரு மயிரிழை பின்னால்

இசைக்குழு தன் டிரம்மரை நீக்கிய வாரத்தில்தான் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரின் காலடி ஓசை அவருக்குப் பின்னால் வரத் தொடங்கியது. வீட்டில் அதை முதலில் கவனித்தவர் அவர் மனைவி. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கிறவர் என்பதால் கண்ணையும் காதையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வேலை செய்வது அவருக்குப் பழக்கம். கணவர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகு 'டக்' என்று சத்தம் வந்தது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார், அப்போதும் அப்படியே. "தம்ளர்ல ஏதோ கோளாறுங்க" என்று வேறு தம்ளர் எடுத்துவந்தார். வீட்டிலிருந்த தம்ளர்கள் எல்லாம் தீர்ந்த பிறகு கோளாறு தம்ளரில் இல்லை என்று முடிவாயிற்று. ஆள் என்னவோ அந்தந்த நேரத்துக்கு அந்தந்த இடத்தில் சரியாகத்தான் இருந்தார். அவர் எழுப்புகிற சத்தம் மட்டும், இருமலோ செருப்போ சாவிக்கொத்தோ குரலோ, கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர், காதும் நன்றாக இருக்கிறது, மூக்கும் நன்றாக இருக்கிறது, தொண்டையும் நன்றாக இருக்கிறது என்று தனித்தனியாகச் சொல்லி, மூன்றுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

காரணம் கடைக்காரருக்குத் தெரியும். மனைவியிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் ஞாயிறுதோறும் மாலை அந்த இசைக்குழுவின் ரசிகர் மன்றம் கூடும். உறுப்பினர்கள் எல்லோரும் இளவயதில் வாங்கிய, நெஞ்சில் குழுவின் மின்னல் சின்னம் அச்சடித்த கறுப்பு பனியன்களை இன்னும் விடாமல் அணிந்துவந்தார்கள். வயிறு பெருக்கப் பெருக்க மின்னலும் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போயிற்று. மன்றத் தலைவர் நில அளவையர். கருத்துகளையும் அவர் மனை பிரிப்பது போலத்தான் பிரித்துக் கொடுப்பார். நாற்காலி வரிசைப்படி ஒவ்வொருவரும் ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. சொல்ல ஒன்றுமில்லை என்று எழுந்து போவது உறுப்பினருக்கு அழகல்ல. இந்த விதியால் பெரிதும் பயனடைந்தவர் பேராசிரியர். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவரல்ல, குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். பேச்சின் நடுவே யாராலும் குறுக்கிட முடியாததால் வந்த பட்டம் அது. கடைக்காரரின் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். அதனால் மன்றத்தில் கடைக்காரர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் "மாப்ள, நீங்க இருங்க" என்று சொல்லும் உரிமை அவருக்குக் கல்யாண நாளிலிருந்தே இருந்தது.

குழுவின் ஆறாவது ஆல்பம் வந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் ஒரு பாட்டிக்கு மூக்குத்தண்டில் உட்காராத பிரேமைச் சரிசெய்துவிட்டு வர நேரமாகி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முறை வருவதற்குள் நல்ல கருத்துகளெல்லாம் செலவாகிவிட்டிருந்தன. கிட்டார் முதிர்ந்திருக்கிறது என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். அட்டைப்படம் ஏமாற்றம் என்று ஒருவர். பாடகர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விடுகிற அந்தப் புகழ்பெற்ற சின்ன இடைவெளியை 'ஆன்மா தன்னைத் திரும்பிப் பார்க்கும் இடம்' என்று பேராசிரியர் வழக்கம்போல் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டார். எல்லோரும் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள். கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டு, ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: "டிரம்ஸ் ஒரு மயிரிழை பின்னால விழுது."

அறை அமைதியாயிற்று. இத்தனை வருஷத்தில் அவர் பேச்சுக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. தான் கவனிக்காத ஒன்றை மைத்துனர் கவனித்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதைவிடப் பேராசிரியருக்கு எளிய வழி ஒன்று இருந்தது. "நானும் ரெண்டு ஆல்பமா பார்த்துட்டுத்தான் வர்றேன், சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றார். அவர் சொன்னதும் மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டது. பாட்டை மறுபடி போட்டுத் தலைகளை ஆட்டினார்கள், உச்சுக்கொட்டினார்கள், ஐயோ பாவம் என்றார்கள். உண்மையில் அந்த அறையில் அதைக் கேட்காத ஒரே ஆள் கடைக்காரர்தான். அதை அவர் சொல்லியிருக்கலாம். அந்த அமைதி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த நிகழ்ச்சி முடிந்து கருவிகளை வண்டியில் ஏற்றும்போது குழுவின் மேலாளரிடம் தலைவர் இதை மன்றத்தின் ஏகமனதான கருத்து என்று ஒப்படைத்தார். மேலாளர் அதைப் பாடகரிடம் சொன்னார். தனக்குக் குறைந்த பாராட்டுக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்ததில் பாடகர் நிம்மதி அடைந்தார். ஆரம்ப நாள் முதல் கூடவே இருந்த டிரம்மர் பரஸ்பர மதிப்போடும் நல்வாழ்த்துகளோடும் விலகுவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பைத் தலைவர் வாசித்தபோது ஒரு நாட்டையே ஆண்டுவிட்டது போன்ற முகங்களோடு மன்றத்தார் கைதட்டினார்கள். எல்லோரும் ஓய்ந்த பிறகு கடைக்காரரின் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. தலைவர் அதை விசேஷ உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வாக்கியம் ஊரில் நடமாடத் தொடங்கியது. அதை யாராவது சொல்லும்போதெல்லாம் கடைக்காரரின் சத்தம் இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. பேராசிரியர் பழுதுபார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பெட்டியின் பின்பக்கம் தலையை நுழைத்தபடி அதைச் சொன்னார். முதலில் கண்ணிமைக்கும் நேரமாக இருந்த இடைவெளி மாடிப்படி ஏறும் நேரமாயிற்று. பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் இடைப்பட்ட நேரமாயிற்று. கடைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. கண் பரிசோதனையில் கேட்கிற கேள்விகள் உலகம் முழுக்க ஒன்றேதான் என்பதால், இது தெளிவா அது தெளிவா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே வாடிக்கையாளர்கள் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். வீட்டில்தான் சங்கடம். மனைவி ஒருநாள் காலையில் சொன்ன வேடிக்கைக்கு அவர் சிரித்த சிரிப்பு, மதியம் கடைக்காரருடைய ஒன்றுவிட்ட பெரியப்பா இறந்த வீட்டில், எல்லோரும் தலைகுனிந்து நின்றிருந்தபோது வந்தது. நல்ல வேளையாக அது அடக்கமான சிரிப்பு. "சாவு வீட்டுக்குப் போறோம்னு காலையிலேயே சொல்லியிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேனே" என்று மனைவி காதோரம் சொன்னார். அவர் சொன்ன சமாதானம் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தது.

அடுத்த வருஷம் புது டிரம்மரோடு ஏழாவது ஆல்பம் வந்தது. புதியவர் இளைஞர், கடிகாரம் போல வாசித்தார். சுத்தம், சுத்தம் என்று மன்றம் கொண்டாடியது. சில வாரங்களில் கொண்டாட்டம் கசக்க ஆரம்பித்தது. பாடகர் ஒவ்வொரு வரியிலும் மூச்சிரைக்க ஓடிவந்து பேருந்தைத் தவறவிட்டவர் போலத் தெரிந்தார். ஆன்மா தன்னைத் திரும்பிப் பார்த்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டைதான் இருந்தது.

கடைக்காரர் மதிய இடைவேளையில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். அப்போதுதான் முதன்முறையாக அவருக்குக் கேட்டது. டிரம்மர் உண்மையாகவே ஒரு மயிரிழை பின்னால்தான் இருந்தார். பாடகருக்கு வரியைப் பிடிக்க மூச்சுப் போதாத இடங்களில் மட்டும், இரண்டு கையிலும் சாமானோடு வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் போல, அவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடகர் உள்ளே வந்ததும் கதவை விட்டார். பொய்யாகச் சொன்னது மெய்யாக இருந்ததில் கடைக்காரருக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. தெரிந்து செய்த பாவமென்றால் ஒரு கணக்கு. இவர் தெரியாமலே சரியான இடம் பார்த்துக் குத்தியிருந்தார்.

டிரம்மர் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக இருந்தார். கடைக்காரர் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பியவர், வரவேற்பறையில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டதும் அவர் நீட்டிய படிவத்தை நிரப்பிப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டுத் திரும்பினார். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் தெரிந்த வித்தையைத் தெரியாதது போலச் செய்தார். கியரை உறுமவிட்டார், நடைபாதையில் ஏறினார். அவர் உறுமவிட்ட கியர் மறுநாள் மாலை வீட்டுச் சமையலறையில் உறுமிற்று. ஏனென்றால் அதற்குள் இடைவெளி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. டிரம்மர் எதற்கும் வியப்புக் காட்டவில்லை. தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை லேசாக வைத்தபடி, "அவசரமில்ல சார்" என்பார். திங்களன்று ஒரு கேள்வி கேட்பார். அதற்கான பதில் செவ்வாயன்று கண்ணாடிக்கடையில் யாரோ ஒருவர் எதிரில் ஒலிக்கும் என்று தெரிந்தும், புதனன்று "நேத்து பதில் சொல்லியிருப்பீங்க, சரி" என்று அடுத்த கேள்விக்குப் போவார். அந்தப் பொறுமை கடைக்காரரை எந்தத் திட்டையும்விட அதிகமாகத் தின்றது.

அப்போதுதான் மன்றத்தின் அறிவிப்பு வந்தது: வரும் ஞாயிறு, பாடகரின் எதிர்காலம் குறித்து. பேராசிரியர் தீர்மானம் கொண்டுவருகிறார். பாடகர் தீர்ந்துவிட்டார், குழு வேறு குரலைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம். இதையாவது தடுக்க வேண்டும் என்று கடைக்காரருக்குத் தோன்றியது. ஒரு நாள் இடைவெளியை மனத்தில் வைத்து, சனிக்கிழமை மாலை கூட்டம் தொடங்கும் அதே வேளையில், தன் கடையில் பிரேம் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டு முழுப் பேச்சையும் பேசி முடித்தார். எல்லாவற்றையும் சொன்னார். அன்று தனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது, அமைதி பிடித்துப்போனது, கதவு, மூச்சு எல்லாம். அவரை அழைத்துப்போக வந்த மனைவி வாசலில் நின்று அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத கணவரின் உதட்டைப் படிப்பதில் அவருக்கு இப்போது நல்ல தேர்ச்சி. முடிந்ததும், "எங்கண்ணன் மூஞ்சியை நாளைக்குப் பார்க்கணுமே, நானும் வரட்டா?" என்றார். கணவர் தலையசைத்து மறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்து தன் குரலுக்காகக் காத்திருந்தார். ஆனால் தீர்மானத்தை முன்மொழியும் முன், மன்றம் கடந்து வந்த பாதையை நினைவுகூர்வது தன் கடமை என்று பேராசிரியர் கருதினார். "டிரம்ஸ் ஒரு மயிரிழை பின்னால விழுதுன்னு இந்த அறையிலதான் முதல்ல சொன்னோம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டு, நாம் சொன்னது என்று தானே பதில் சொல்லி, வாக்கியத்தை மீண்டும் சொன்னார். கூட்டம் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. வந்து சேரவிருந்த பேச்சு, வாசல்வரை வந்த விருந்தாளி யாரையோ பார்த்துத் திரும்பிப் போவது போல, தன்னைவிட்டு நழுவிப் போவதைக் கடைக்காரர் உணர்ந்தார். எழுந்து நின்றார், கைகளை ஆட்டினார், வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"மாப்ள, நீங்க இருங்க" என்றார் பேராசிரியர்.

"நண்பர் உணர்ச்சிவசப்பட்டிருக்காரு" என்றார் தலைவர். "மௌனமா ஆதரிக்கிறார்னு பதிவு பண்ணிக்கலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் திங்கட்கிழமை. கடைக்காரர் பயிற்சிக் காரை ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தியிருந்தார். அவர் வாய் மூடியே இருந்தது. காருக்குள், சனிக்கிழமையின் குரல், மேடைக்கென்று செருமிச் சரிசெய்த குரல், எழுந்தது. "தலைவர் அவர்களுக்கும் மன்றத்து நண்பர்களுக்கும் வணக்கம்." டிரம்மர் ஒரு கணம் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பழையபடி சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பச்சை விழுந்தது; பின்னால் ஹார்ன் அடித்தார்கள்; அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். "அந்த மனுஷன் பின்னால விழல. கூட வர்றவருக்காக நின்னாரு. எனக்கு அன்னிக்குச் சொல்ல எதுவும் இல்ல, அதனால சொன்னேன். என்னால அவர் வேலை போச்சு. என் மச்சான் உட்பட இங்க ஒருத்தருக்கும் எதுவும் கேட்கல, எனக்கும் கேட்கல." நன்றி, வணக்கம் என்று பேச்சு முடிந்தபோது விளக்கு மறுபடி சிவப்புக்கு வந்திருந்தது.

"அவனுக்கு மூக்கடைப்பு சார்" என்றார் டிரம்மர். "சின்ன வயசுலேர்ந்து. வாயால மூச்சு எடுத்துட்டுத்தான் பாடணும். அவன் மூச்சு எடுத்தா நான் நிக்கணும், எடுத்து முடிச்சா போகணும். இருபத்தஞ்சு வருஷம் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். வீட்ல சாப்பிடும்போதுகூட யார் மூச்சு எடுக்கறாங்கன்னு பார்ப்பேன், இன்னும் அந்தப் பழக்கம் போகல." பிறகு, "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு முதல் நாளே தெரியும். தெரியாதவன் நடைபாதையில ஏறுறதுக்கு முன்னாடி கண்ணாடியில பின்னால பார்க்க மாட்டான்" என்றார்.

கடைக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்து, அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, ஒரு வார்த்தை சொன்னார். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. அது என்ன வார்த்தை என்று பார்த்தவுடனே யாருக்கும் தெரிந்திருக்கும். டிரம்மருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அதை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

"வரட்டும் சார்" என்றார். "வந்த பிறகு நான் என்ன சொல்றேன்னு பார்ப்போம். பச்சை விழுந்துடுச்சு, எடுங்க."

அந்த மாதமே பாடகர் பரஸ்பர மதிப்போடு விலகினார். குழு வேறு குரலோடு எட்டாவது ஆல்பத்துக்குத் தயாராயிற்று. மன்றம் புதுக் கருத்துகளைச் சேகரிக்கத் தொடங்கியது. கடைக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஊரில் வாக்கியம் நிற்கவில்லை. அதனால் அந்த ஒரு வார்த்தை புதனன்று வரவில்லை, வெள்ளியன்றும் வரவில்லை. அது வேறெங்காவது, அலமாரிக்கு முன்னாலோ குளியலறையிலோ வந்து வீணாகிவிடக் கூடாது என்பதால், பயிற்சி முடிந்த பிறகும் கடைக்காரர் மாலைதோறும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அந்தக் காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொள்கிறார். புதிதாகக் கற்க வருகிறவர்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்பார்கள். "அவரோட வார்த்தை ஒண்ணு வரணும்மா" என்பார் டிரம்மர், பிரேக்கின் மேல் காலை லேசாக வைத்தபடி. "வந்ததும் இறங்கிடுவாரு. நீங்க ரோட்டைப் பாருங்க." அவர்கள் சரி என்று ரோட்டைப் பார்த்து ஓட்டுவார்கள்.