கறுப்பு மணல் கரைக்கு

விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்குத் தீவு அழுக்காகத்தான் வந்து சேரும். வடக்குக் கரைக்குப் போனவர்களின் துண்டை உதறினால் வெள்ளை மணல் மாவு போலக் கொட்டும். சதுப்புக் காட்டுக்குப் போனவர்களின் கால்சட்டையில் அழுகல் வாடையோடு சாம்பல் சேறு. அருவிக்குப் போனால் செம்மண்ணும் பாசியும். எந்தச் சோப்புத்தூளுக்கும் மசியாது. கறுப்பு மணல் மட்டும் வேறு ரகம். தையல் மடிப்புக்குள் புகுந்துகொண்டு, எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாமல், கடைசியில் இயந்திரத்தின் அடியில் மினுங்கிக்கொண்டு கிடக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அதை வழித்தெடுத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அது கிடக்கும் கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. விடுமுறை வந்தால் சொந்தத் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு மல்லாந்து தூங்கத்தான் உடம்பில் தெம்பு இருக்கும்.

நாளைக் காலைக் கப்பலில் அவள் தீவை விட்டே போகிறாள். கணவனுக்கு அக்கரைத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, அவன் தட்டுமுட்டுச் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டான். அறையில் மிச்சம் இருந்தவை ஒரு பாயும் ஒரு பெட்டியும். பெட்டியைப் பூட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்றைக்குக் கறுப்பு மணல் கரையைப் பார்க்கப் போவதாக நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் கணவனுக்கு அக்கா. விடுதிச் சமையலறையில், ஊர் சுற்றப் போகும் விருந்தினர்களுக்கு வழிச்சாப்பாடு கட்டுவது அவள் வேலை. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். மண்ணைப் பார்க்க மலையேறும் கூத்தை எங்கேயும் கண்டதில்லை, ஏதாவது ஆகித் தொலைத்தால் தம்பிக்கு யார் பதில் சொல்வது என்று பொரிந்து தள்ளினாள். தள்ளிக்கொண்டே செருப்பையும் மாட்டினாள்.

வழி தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றாள் இவள். கறுப்பு மணல் ஒட்டிவரும் கால்சட்டைகளில் எல்லாம், முழங்காலுக்குக் கீழே செம்மண்ணும் பாசியும் சேர்ந்தே வரும். அப்படியானால் அருவிப் பாதைதான் கரைக்கும் போகிறது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதை ஆரம்பித்தது. வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடின. ஆனால் படிக்கட்டின் ஒழுங்கு இல்லை. இலைகளில் தங்கிய மழைத் தண்ணீர் பிடரியில் சொட்டியது. அட்டைக்கென்று நாத்தனார் முந்தானையில் உப்பு முடிந்து வந்திருந்தாள். நாலடிக்கு ஒருமுறை நின்று இருவர் காலிலும் தேய்த்தாள். அருவி இவள் நினைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தது. சத்தம் மட்டும் பெரிது. குளிர்ந்த சாரல் முகத்தில் அடித்தது. நாத்தனார் கொஞ்சம் உட்காரலாம் என்றாள். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பாதை இன்னும் கொஞ்சம் ஏறி, ஒரு இரும்புக் கம்பித் தடுப்பில் போய் முடிந்தது. தடுப்புக்கு அந்தப்புறம் செங்குத்தான பாறை. வெகு கீழே கடல். கரையோரம் அரிவாள் போல வளைந்து கறுப்பு மணல். மணலில் ஒரு படகு. கீழே இறங்க வழி எதுவும் இல்லை.

நாத்தனார் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியைத் தடவினாள்.

"அருவிக்குப் போறவங்களுக்கு நான் ரெண்டு பொட்டலம் கட்டுவேன். ஒண்ணு நடைக்கு, இன்னொண்ணு படகுக்கு."

"எந்தப் படகுக்கு?"

"திரும்பி வந்து, அதே துணியோட படகுல ஏறி இங்க வர்றாங்க போலிருக்கு. நான் அது படகுக்காரனுக்குச் சோறுன்னு நெனச்சேன்."

"இதக் கிளம்பறப்பவே சொல்லக்கூடாதா அண்ணி?"

"நீ எங்க கேட்ட? பேன்ட்டப் பார்த்து ஜோசியம் சொன்ன. நானும் நம்பி வந்துட்டேன்."

இவள் திரும்பி அருவிக்கு இறங்கினாள். அருவித் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே ஓடையாகி, காட்டுக்குள் சரிந்து போய்க்கொண்டிருந்தது. அது கடலுக்குத்தான் போயாக வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் கால் வைத்தாள்.

பின்னால் வந்த நாத்தனார் அருவிப் பாறையிலேயே நின்றாள். "இவளே, நாம போறதுக்குள்ள படகு கிளம்பிட்டா ராத்திரி நண்டோடதான் படுக்கணும். ஏறி வரவும் முடியாது. காலையில கப்பல் உனக்காக நிக்காது."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா?"

இவள் அடுத்த பாறைக்குப் போயிருந்தாள்.

நின்று இறங்க முடியாத இடங்களில் குழந்தைகளைப் போல உட்கார்ந்து சறுக்கினார்கள். நாத்தனாரின் ஒரு செருப்பைத் தண்ணீர் கொண்டுபோனது. ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வது என்று மற்றதையும் அவளே விட்டெறிந்தாள். இவளுக்கு உள்ளங்கை உரிந்தது. சேலையில் துடைத்தால் எரிந்ததால் துடைக்காமலே விட்டாள். பாதி வழியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை. இவள் எப்படியோ வழுக்கி இறங்கிவிட்டாள். நாத்தனார் உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால் ஆகாது, நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள்.

இவள் பாறையோடு முதுகை ஒட்டி, முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

"என் தோள்ல கால வைங்க."

"உன் தோளு முறிஞ்சிரும்டி."

"ஈரப் போர்வை மூட்டையத் தூக்கற தோளு. வைங்க."

வைத்தாள். மூட்டையைவிடக் கனம்தான். இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் ஓடை தட்டையாகி, தாழம்புதருக்குள் நுழைந்து, வெளிச்சத்தில் வந்து விழுந்தது. வெயில் சாய்ந்திருந்தது. படகு மணலை விட்டு விலகியிருந்தது, இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நாத்தனார் கையை வாயருகே குவித்துக் கத்தினாள். சமையலறையில் புகைபோக்கி இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற குரல் அது. படகுக்காரன் விடுதியில் அவள் கையால் சாப்பிடுகிறவன், குரல் தெரிந்து திரும்பிப் பார்த்தான். படகு வளைந்து வந்து மணலில் மூக்கை முட்டியது.

எங்கிருந்து குதித்தீர்கள் என்று அவன் வாயைப் பிளந்தான். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், சட்டென்று ஏறுங்கள் என்றான். உள்ளே விருந்தினர்கள் வெயிலில் சிவந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இவள் ஏறவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணே. நான் இன்னும் பார்க்கல."

சொல்லிவிட்டுக் கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். காய்ந்த மணல் பாதத்தைச் சுட்டது. ஈர மணல் இறுகி, குளிர்ந்து கிடந்தது. அலை பின்வாங்கும்போதெல்லாம் கரை முழுதும் எண்ணெய் தடவியது போல மின்னி அணைந்தது. விரல் நகம் அளவு நண்டுகள் அவள் நிழலுக்கு ஒதுங்கி வழிவிட்டன.

படகுக்காரன் முனகினான். நாத்தனார் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"இன்ஜின அணைச்சிரு தம்பி. அவ வர்றப்ப வருவா."

அவன் அணைத்தான். அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இவள் ஓடவில்லை. பாறை கடலுக்குள் விழும் கோடிவரை போனாள். அங்கே நின்று, மேலே தாங்கள் நின்ற கம்பித் தடுப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். கடலைப் பார்த்தாள். போதும் என்று பட்டபோது திரும்பினாள். படகில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போதும் அதே நடைதான் நடந்தாள்.