ஓடக்காரன் துடுப்பில் ஒரு மணி

…இன்னும் பதினோரு வரி, பதினோரு வரி தாண்டினால் ஓடக்காரன் வந்துவிடுவான், வந்தவன் துடுப்பில் மணி கட்டமாட்டான், எப்படிக் கட்டுவான், அந்த மணியைக் கட்டியவர் பாலசுப்ரமணியன் ஆயிற்றே, என்று அதே பாலசுப்ரமணியன் எதிர் நாற்காலியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். மனைவி மரகதத்தின் மடியில் இருந்த புத்தகம் அவருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது, தெரிந்தால் என்ன, முப்பத்தொரு வருஷம் தந்தி ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு எழுத்து எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் படிக்க வரும், ஓடக்காரன் என்ற சொல்லைத் தாண்டிப் பார்க்கத்தான் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, ஆஸ்டின் டவுன் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிறது, இந்த ஒரு வீட்டில்தான் நாற்பத்தொன்பது வயதுக்காரி விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிறாள், ப… ட… கு… அவள் வாயில் படகு பட்டாசு மாதிரி வெடிக்கிறது. "இன்னாங்க உங்க தமிழு, ஒரே எழுத்தை வெச்சிக்கினு ரெண்டு மூணு சத்தம் போடறீங்க? எங்க கன்னடத்துல ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எழுத்து இருக்குது." மர்பி டவுனில் பிறந்தவள், வீட்டில் தமிழ், சிலேட்டில் கன்னடமும் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தும், தமிழ் அவளுக்குக் காதில் இருந்தது, வாயில் இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. அந்தக் கண் வேலையை, புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வேலையை, இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்தவர் இவர். நிம்மதியான வேலை, மேலதிகாரி கிடையாது. அதில் மண்ணைப் போட்டவள் பக்கத்து வீட்டுப் பிரிஸில்லா டீச்சர், சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுப்பவள், ஏழே மாதத்தில் மரகதத்தை அகரத்தில் ஏற்றி அத்தியாயம் பதினெட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பதினெட்டு என்றால் சும்மாவா… 'உப்பங்கழி மாளிகை'யின் பதினெட்டு. அதை எழுதிய பெரியவர் போய்ச் சேர்ந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது, இந்த வீட்டில் மட்டும் அந்தச் செய்தியை யாரும் நம்பவில்லை. ஜூலைத் தூறல் பிடித்தால் முதல் அத்தியாயம், வருஷம் தவறியதில்லை, அலசூர் ஏரிதான் உப்பங்கழி, மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்தான் கதையில் வரும் திவான், "திவான் எறங்கி வர்றாரு, சட்டையைப் போடுங்க" என்று மரகதம் அவர் காதுபடவே சொல்வாள், கதையில் திவான் எட்டுக் கொலை செய்தவர் என்பது தெரியாமல் வீட்டுக்காரர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுவார். இரண்டு பேர் ஒரு ஊரில் வாழ்ந்துகொண்டே இன்னொரு ஊரிலும் குடியிருக்கலாம், அந்த வித்தை பெரியவர் போட்ட பிச்சை. அவர் மழையை எழுதினால் புத்தகம் மூடும்போது கை ஈரமாயிருக்கும், எழுபத்தாறில் பன்னிரண்டாம் அத்தியாயம் படித்துவிட்டு இவருக்கு மூன்று நாள் ஜலதோஷம், டாக்டர் சீட்டுகூட இருக்கிறது, யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். சீட்டு கிடக்கட்டும், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய அந்த அஞ்சலட்டை… கதையில் ஒரே பட்சத்தில் இரண்டு பௌர்ணமி வருகிறது ஐயா என்று பெரியவருக்கு ஆறு பக்கம் எழுதி மரகதத்திடம் கொடுத்தனுப்பினார், எழுபதாம் வருஷம், போட்டாச்சு என்றாள், பத்தாம் நாள் வந்தது பதில். முகவரி ஆங்கிலத்தில், மறுபக்கத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. கையெழுத்துகூட இல்லை. விவாதம் முடிந்தது என்று ஒரு புள்ளியில் சொல்ல எவனால் முடியும், புள்ளியிலேயே நடை தெரிகிறது பாருங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இவர் காட்டுவார், அவர்களும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம் தெரிகிறது என்பார்கள்.

இப்போது எட்டு வரி. மணி இல்லை என்று தெரிந்ததும் என்ன சொல்வாள்? கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வரும், "ரீ" என்று ஆரம்பிப்பாள், அப்புறம் இருபத்தொன்பது வருஷத்தையும் ஒவ்வொரு பக்கமாகச் சந்தேகப்படுவாள், இதுவும் நீங்க விட்ட கதையா, அதுவும் நீங்க விட்ட கதையா… என்ன செய்வது, கல்யாணமான மூன்றாம் மாதம், வாடகை நூல்நிலையத்துப் பிரதியில் பதினெட்டின் கடைசி நாலு பக்கத்தை எந்தப் புண்ணியவானோ கிழித்துக்கொண்டு போயிருந்தான், எதிரே புதுப்பெண், கண்ணை அகல விரித்துக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்கிறாள், பக்கம் இல்லையம்மா என்று எந்த வாயால் சொல்வது? பதினாலு வயதில் ஆம்பூரில் ஒரே மூச்சில் படித்த கதை, அந்த நாலு பக்கத்தில் நினைவிருந்தது கடைசி வரி ஒன்றுதான், மற்றதை இவரே ஓட்டினார். வீட்டைவிட்டு வந்த கதாநாயகி செங்கமலம் ஓடக்காரனிடம் கொலுசு மணி ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள், அவன் துடுப்பில் கட்டுகிறான், துடுப்பு விழும்போதெல்லாம் இருட்டில் மணி… மரகதம் அழுதாள். மறுநாளே தன் கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றிச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், இன்றைக்கும் அது அங்கேதான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் காபி வருகிறது என்று இவருக்குத் தெரியும். பின்னால் வேறு பிரதிகள் கைக்கு வந்தபோதெல்லாம் பதினெட்டை மட்டும் இவர் திறக்கவே இல்லை, தைரியம் வரவில்லை, வருஷா வருஷம் மனப்பாடமாகவே சொல்லி ஓட்டினார். போன வாரம் புத்தகக் கண்காட்சியில் இந்தப் புதுப் பதிப்பை வாங்கியவள் அவளேதான், வாங்கியதும் நேரே பதினெட்டைத் திறந்தவளும் அவளேதான்.

"ஓ… டக்… காரன்…" மூன்று வரி. இப்போதே சொல்லிவிடலாமா, அச்சுக்காரன் விட்டிருப்பான் என்று முந்திக்கொள்ளலாமா… "து… டுப்… பில்… அந்… த… மணி… யைக்… கட்… டி…" பாலசுப்ரமணியன் எழுந்தேவிட்டார். தலைகீழாகப் பார்த்ததை நிமிர்த்திப் பார்த்தார், இருக்கிறது, மணி இருக்கிறது, கொலுசிலிருந்து கழற்றிய மணி, துடுப்பில் கட்டிய மணி. பெரியவர் இவரிடமிருந்து எடுத்திருக்க முடியாது, இவர் பிறப்பதற்கு முன்னால் எழுதியது. அப்படியானால் ஆம்பூரில் படித்த பதினாலு வயசு எதையும் மறக்கவே இல்லையா, தன்னுடையது என்று ரகசியமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட ஒரே மணியும் பெரியவர் பையிலிருந்து விழுந்ததுதானா… வெட்கப்பட வேண்டிய இடத்தில் கொள்ளைச் சந்தோஷம் வந்தது. மனுஷன் எங்கேயெல்லாம் முந்திப் போய் உட்கார்ந்திருக்கிறார்!

"இன்னாத்துக்கு நிக்கறீங்க, குந்துங்க, முடியப் போவுது" என்றாள் மரகதம். முடிந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள், அத்தியாயம் பத்தொன்பது. பாலசுப்ரமணியன் பின்னால் புரட்டினார். கடைசி வரி எங்கே? 'கடலுக்கு யாரும் உப்புப் போடவில்லை, அழுது அழுது அதுவே சேர்த்துக்கொண்டது'… பெரியவர் எழுதியதிலேயே உயர்ந்த வரி, எத்தனை கூட்டத்தில் இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார், எத்தனை கைதட்டல், பாவிகள் அச்சில் விட்டுவிட்டார்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"அச்சுல எதுக்கு வரும்? அது நான் சொன்னதாச்சே" என்றாள் மரகதம். "அன்னிக்கு நீங்க படிச்சி முடிச்சதும், செங்கமலம் இப்பிடி அழுவுறாளேன்னு நான் சொன்னேன். நீங்க ஊரெல்லாம் பெரியவர் பேருல சொல்லிக்கினு திரிஞ்சீங்க, நல்லவர்தானே, இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டேன்." சொல்லிவிட்டு எழுந்து காபி போட உள்ளே போனாள், சாவிக்கொத்து மணி கூடவே போயிற்று. அப்படியானால் அந்தக் கைதட்டல், டவுன் ஹாலில் எழுந்து நின்று தட்டினார்களே, அது… பாலசுப்ரமணியனின் கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. அஞ்சலட்டை. முகவரி ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் பெரிது பெரிதாக, தனித்தனியாக… ஏன் தமிழில் எழுதவில்லை, தமிழ் எழுத்தாளர்தானே? மறுபக்கத்தில் புள்ளி. எந்த மொழி படித்தவர்களும் வைக்கக்கூடிய புள்ளி. ஆறு பக்கக் கடிதம், போட்டாச்சு என்றாள்… தபாலில் போட்டாச்சு என்றாளா, வெறுமனே போட்டாச்சு என்றாளா?